திங்கட்கிழமைத் தூள்

பெர்த்தா எனக்கு நாலு வயது மூத்தவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது பெர்த்தா என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் மரியாதை கூடிப்போய் ஆள் வேறு யாரோ ஆகிவிடுவாள். பொழியூர்க்காரி. கடல்தொழில் செய்யும் கிளீட்டஸின் பெண்சாதி. பெருங்கடவிளைக்குப் போகிற வழியில், முன்பு முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீசாக இருந்த ஒரு நீளக் கொட்டகையில்தான் எங்கள் கம்பெனி. அங்கே தூள் பிரிவில் இருந்தாள். போன வருஷம் வேலையை விட்டு நின்றாள். அவள் நின்றபிறகு அந்தக் கொட்டகைக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நுழைகிறேன், சம்பளம் வேண்டுமே.

நாங்கள் செய்வது பீசோ வில்லைகள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, இரண்டு முகத்திலும் வெள்ளி பூசிய பீங்கான் துண்டு. மின்சாரம் கொடுத்தால் அதிரும். அதிர வைத்தால் மின்சாரம் கொடுக்கும். மீன்பிடி வள்ளங்களில் எக்கோ என்று ஒரு கருவி இருக்கிறதே, அடியில் எவ்வளவு ஆழம், மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சின்னத் திரையில் காட்டுமே, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிக் கிடக்கும் குமிழுக்குள் இருப்பது இந்த வில்லைதான். அது சத்தத்தைக் கீழே அனுப்பும், தரையில் பட்டுத் திரும்பி வருவதைத் தானே கேட்டுச் சொல்லும். எங்கள் வில்லையை வாங்கி எக்கோ செய்வது கொச்சியில் ஒரு கம்பெனி.

என் பெயர் அம்மிணி, ஊர் பாறசாலை. நான் கல்யாணம் கட்டவில்லை. அதற்குக் காரணம் என் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை, மறுக்கப் போனாலும் கோபம்தான் வரும். கம்பெனியில் எனக்கு எண்ணெய்த் தொட்டி. சுட்டு, வெள்ளி பூசி வருகிற வில்லைகளைச் சூடான எண்ணெயில் மூழ்க வைத்து, பெரிய வோல்டேஜை ஏற்றிச் சிறிது நேரம் நிறுத்துவேன். அதுவரை வில்லைக்குள் ஒவ்வொரு துணுக்கும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மின்சாரத்தில்தான் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும், வில்லைக்கு உயிர் வரும். இதோடு தண்ணீரைச் சோதிக்கிற வேலையும் என்னுடையது. எங்கள் தூளுக்கு உப்பு ஆகாது. அதனால் உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரைத்தான் சேர்ப்போம். கொஞ்சம் எடுத்து அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவேன். தெளிவாகவே நின்றால் நல்ல தண்ணீர், பால் கலந்ததுபோல வெளுத்தால் உப்பு இருக்கிறது.

பெர்த்தா வந்த புதிதில் எங்களிடம் மிஷின் இல்லை. ஈயமும் வேறு சில உலோகங்களும் சேர்ந்த இளமஞ்சள் தூளைத் தண்ணீரிலும் பசையிலும் கரைத்துக் கூழாக்கி, தட்டுகளில் ஊற்றி உலர்த்தி, கட்டியை உடைத்து, சல்லடையில் தேய்ப்போம். அந்தத் தூள் அச்சுக்குள் ஒழுங்காக இறங்காது. ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் பொக்காக நிற்கும். சூளையிலிருந்து வெளியே எடுத்தால் வில்லை அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். முதலாளி கிருஷ்ணன்குட்டி சார் வளைந்ததை எல்லாம் ஒரு வாளியில் போட்டுத் தன் மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஸ்பிரே டிரையர் வாங்கினார்.

அது வந்து இறங்கிய நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு ஆள் உயரத்தில் ஸ்டீல் கோபுரம். மேலே கூழ் பனியாகச் சிதறும். சூடான காற்றில் கீழே வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு துளியும் உருண்டு காய்ந்து, அடியிலிருக்கும் ஜாடியில் ரவையாக விழும். முதல் ஜாடியைத் திறந்தபோது பெர்த்தா கையுறையோடு உள்ளே கையை விட்டு அள்ளினாள். தூள் விரலிடுக்கில் ஒட்டாமல் வழுகி ஓடியது.

"இது மணலாக்கும் அம்மிணி. எங்க கரையில கிடந்த மணலு இப்படித்தான் ஓடும்" என்றாள்.

கிடந்த என்றுதான் சொன்னாள். பொழியூரில் கடல் முன்வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டபோது அவள் வீடும் போயிருந்தது. பள்ளிக்கூட முகாமில் சில மாதம் கிடந்துவிட்டு, சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கிளீட்டஸ் கொண்டு வருவது வள்ளத்துக்கும் டீசலுக்குமே சரியாகும். வாடகை பெர்த்தாவின் சம்பளத்தில் ஓடியது. அவளுக்கு முழங்கால் வலி வேறு. இந்த வேலை இல்லாவிட்டால் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்தக் காலம் எனக்குப் பிடித்த காலம். ஈயத்தூள் என்பதால் முகமூடி, தொப்பி, வீட்டுக்குப் போகுமுன் குளியல் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். மற்றவர்களுக்கு அது ரத்தப் பரிசோதனை, பெர்த்தாவுக்கு அது உல்லாசப் பயணம். நல்ல சேலை உடுத்தி வருவாள். வெளியே வந்ததும் எல்லாருக்கும் எலுமிச்சை ஜூஸ் அவள் கணக்கு. ரத்தம் எடுத்த கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் ரோட்டோரம் நின்று சிரித்த சிரிப்பு இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மிஷின் வந்து கொஞ்ச நாளில் என் தொட்டியில் வெடிக்கத் தொடங்கியது. வோல்டேஜை ஏற்றுவேன், பாதியிலேயே எண்ணெய்க்குள் சடசடவென்று பொறி பறக்கும். எடுத்துப் பார்த்தால் வில்லையில் கருப்பாக ஒரு பொட்டு, மின்சாரம் அதன் வழியே துளைத்துப் போயிருக்கும். அப்புறம் அது எதற்கும் ஆகாது. வில்லை அடுக்கி வருகிற எல்லாத் தட்டும் வெடித்தாலாவது காரணம் பிடிபடும். சில தட்டு முழுசாக வெடிக்கும், மற்றவை தங்கமாக வரும். வளைந்த வில்லை போய் வெடித்த வில்லை வந்ததுதான் மிச்சம். கொச்சிக்காரர்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிருஷ்ணன்குட்டி சார் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார்.

தட்டுகளில் தூள் செய்த நாளைச் சாக்பீஸால் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். ஒரு நாள் வெடித்த தட்டுகளை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் திங்கள்.

எனக்கு உடனே சந்தேகம் எலியாமேல் போயிற்று. அவன்தான் சூளை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீடுகளில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திங்கட்கிழமை தூங்கி வழிவான். போய்ச் சண்டைக்கு நின்றேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "எக்கா, திங்கள் செய்யுற தூளு எனக்க சூளைக்கு வாறது வியாழனாக்கும்" என்றான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். திட்டியதைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் தூங்கி வழிவதற்காக இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கள் காலை பெர்த்தா கூழ் கரைக்கும் டிரம்மில் தண்ணீர் நிரப்பியதும், தூளைப் போடவிடாமல் நிறுத்தி, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சொட்டு விட்டேன். பாலாக வெளுத்தது. தண்ணீர் வருகிற குழாயில் பிடித்து விட்டேன், தெளிவாக நின்றது. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் படியில், சிலுவைப் படம் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் குப்பி காலியாக இருந்தது.

"அக்கா, இந்த டிரம்முல என்ன ஊத்துன?"

"வெஞ்சரிச்ச வெள்ளம். எங்க பள்ளியில உள்ளதாக்கும்."

"எத்தன நாளா?"

"மிஷின் வந்த நாள் முதலே. புது மிஷினு அல்லியா. ஞாயிறு பிடிச்சிட்டு வாறேன், திங்கள் ஊத்துறேன், வாரத்துக்கு அது போதும். என்ன இப்போ?"

கறிக்குப் புளி போட்டாயா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் பள்ளி என்றது சர்ச்சை, வெள்ளம் என்றது தண்ணீரை. வெஞ்சரிப்பு என்றால் அச்சன், அதாவது பாதிரியார், ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பது. கடற்கரையில் புது வள்ளம், வலை, எஞ்சின் எதுவும் வெஞ்சரிக்காமல் கடலில் இறங்காது. அந்தத் தீர்த்தத்தில் உப்புப் போட்டு ஜெபிப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் சர்ச்சில் கை நிறைய அள்ளிப் போடுவார்களாம். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நான் கத்திய கத்தலில் கிருஷ்ணன்குட்டி சார் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு தூள் டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபத்தால் அல்ல, காரணம் கிடைத்த நிம்மதியில்.

"பெர்த்தா, இனி ஊத்த வேண்டா, கேட்டோ" என்றார். அவ்வளவுதான்.

"செரி சாரே. அப்பம் நான் இந்த மாசத்தோட நிக்கேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள் பெர்த்தா.

மத்தியானம் பலா மரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரெண்டு சொட்டு தண்ணிக்காக வேலையை விடுவாயா, வாடகையை யார் கொடுப்பது என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"எனக்க தம்பி பழைய எஞ்சின் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். ஞாயிறு அச்சனக் கொண்டு வெஞ்சரிச்சிட்டு எறக்குறேன்னான். அன்னைக்குக் கரையடுத்து சாளை மீனு வந்து நிக்குது, ஊரே போவுது. நான்தான் சொன்னேன், வெஞ்சரிப்பு பொறவு பாத்துக்கிடலாம், இப்போ நீ போன்னு. தெரையில வள்ளம் மறிஞ்சுது. எஞ்சின் கிடச்சுது. அவன் கிடைக்கல்ல." பாத்திரத்தை மூடி வைத்தாள். "நம்ம செய்யுற சாமான் வள்ளத்துக்குப் போவுது மக்கா. வெஞ்சரிக்காம எனக்க கையால இனி ஒண்ணு கடலுக்குப் போவாது."

அலைதான் வள்ளத்தைக் கவிழ்த்தது, எஞ்சின் என்ன செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அந்த வாரம் முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம். பெர்த்தா போய்விட்டால் அந்தக் கொட்டகையில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்? என் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் தள்ளியே உட்காருவார்கள். என்னைத் திரும்பத் திட்டுவதற்குக்கூட அவள் ஒருத்திதான். வீட்டில் போய்ப் படுத்தாலும் இதே நினைப்பு. சனிக்கிழமை குளிக்கும்போதுதான் தோன்றியது, எங்கள் வில்லையைக் கெடுத்தது உப்புதானே தவிர ஜெபம் இல்லையே.

ஞாயிறு காலை கம்பெனித் தண்ணீரை ஒரு புதுக் கேனில் பிடித்து, ஸ்கூட்டரின் காலடியில் வைத்துக்கொண்டு பொழியூருக்குப் போனேன். பூசை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அச்சன் சின்ன வயதுக்காரர். கேனை அவர் முன்னால் வைத்தேன்.

"ஃபாதர், உப்புப் போடாம வெஞ்சரிக்கலாமா?"

"நீங்க எந்த எடவக, எந்தப் பள்ளி?"

"நான் இந்துவாக்கும். பாறசாலை."

விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உப்பு நிர்பந்தம் ஒண்ணும் இல்ல. ஜெபம் போதும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தொடக் குனிந்தார்.

"கைய உள்ள விடாதீங்க ஃபாதர். வேர்வையில உப்பு உண்டு."

அப்போது சிரித்தார். கேனுக்கு மேலே கையை நீட்டிப் பிடித்தபடி ஜெபித்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் பகவதியை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கள் காலை பெர்த்தாவின் கண்முன்னாலேயே அந்தத் தண்ணீரில் கொஞ்சம் தனியே எடுத்துச் சொட்டு விட்டேன். தெளிவாக நின்றது. அவள் கேனிலிருந்து ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சப்புன்னு இருக்கு. அச்சன் வெஞ்சரிச்சதுதானே?"

"போன் போட்டுக் கேளு."

போன் போடவில்லை. கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிரம்மில் ஊற்றி, மூடியின் மேல் விரலால் சிலுவை வரைந்தாள். "இது வெடிக்காம வரட்டு, பொறவு பாப்போம்" என்றாள். அவள் இருப்பதும் போவதும் அந்தத் தூளில் வந்து நின்றது.

அந்தத் திங்கட்கிழமைத் தூள் அச்சில் அழுந்தி, சூளைக்குப் போய், வெள்ளி பூசி என் தொட்டிக்கு வந்தபோது அடுத்த வாரம் பாதி ஆகிவிட்டது. எல்லாரும் என் அறை வாசலில் நின்றார்கள். பெர்த்தா ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்தாள். வோல்டேஜை ஏற்றுகிற திருகை மெல்ல மெல்லத் திருப்பினேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. எண்ணெய் சத்தமில்லாமல் கிடந்தது. முழு அளவுக்குப் போனேன், நேரம் முடிந்தது, எல்லா வில்லையும் முழுசாக வந்தது. எலியா என்னைத் தாண்டிப் போய் எண்ணெயை எட்டிப் பார்த்து, "தூங்காம பாத்தியளா எக்கா" என்றான். அன்று அவனை ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

பெர்த்தா வேலையை விடவில்லை. ஆனால் தண்ணீரைக் கொண்டுபோய் வெஞ்சரித்து வரும் வேலையை அவளிடம் விட எனக்கு மனமில்லை. வழியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிடுவாளோ என்று சந்தேகம். அதனால் ஞாயிறுதோறும் நானே போனேன். அச்சன்மார் மாறினார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் முந்தியவர் சொல்லிவிட்டுப் போனாரோ என்னவோ, என் ஸ்கூட்டரைக் கண்டதும் கேனைக் கீழே வைக்க இடம் காட்டுவார்கள். கேனை வெஞ்சரித்ததும் பெர்த்தாவின் வீடு. கிளீட்டஸ் அண்ணன் நல்ல மீனாக ஒன்றை எனக்கென்று தனியே எடுத்து வைத்திருப்பார். மரச்சீனிக் கிழங்கு அவித்தது, தேங்காய் அரைத்த மீன்கறி, ஜன்னலுக்கு வெளியே நாளுக்கு நாள் பக்கத்தில் கேட்கிற கடல். பெர்த்தாவின் மகன் லிஜோவும் மகள் டெல்னாவும் அந்த வீட்டில்தான் என் கண்முன்னால் வளர்ந்தார்கள். பாறசாலையில் எனக்கு ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள். பொழியூரில்தான் அது ஞாயிறாக இருந்தது. மழை, காய்ச்சல், ஹர்த்தால் எதற்கும் நான் விட்டதில்லை. வள்ளங்களில் போகிற ஆட்களின் உயிர் என் கேனில் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கே வந்துவிட்டது.

போன வருஷம் பெர்த்தாவின் முழங்கால் ஒரேயடியாக மக்கர் பண்ணியது. வேலையை விட்டாள். அவள் இடத்துக்கு ஜெஸ்னா என்ற பெண் வந்தாள். அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போலக் கேனோடு போய், வெஞ்சரித்து வாங்கிக்கொண்டு பெர்த்தாவின் வீட்டுக்கு வந்தேன். அவள் பின்வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேனைப் பார்த்து அரிவாளை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இது இனி எதுக்கு அம்மிணி?"

"எதுக்கா? வள்ளத்துக்குப் போறது அல்லியா? ஜெஸ்னா ஊத்துவா. நான் சொல்லி வச்சிருக்கேன்."

"வேண்டாம் மக்கா. அச்சன் அப்பவே எங்கிட்ட சொல்லியாச்சு. வள்ளம் ஒருக்கா வெஞ்சரிச்சா, பொறவு அதுல என்ன ஏத்தினாலும் அதுல அடங்குமாம். எஞ்சின் ஆனாலும் செரி, எக்கோ ஆனாலும் செரி." அரிவாளில் ஒட்டிய செதிலைத் துடைத்தாள். "எனக்க தம்பிக்க வள்ளம் வெஞ்சரிச்சதாக்கும், அப்பம் அவனுக்க எஞ்சினும் வெஞ்சரிச்சதுதானேன்னு கேட்டேன். ஆமான்னாரு. நான் பள்ளியிலேயே இருந்து அழுதேன். அன்னைக்கோட எனக்க நெஞ்சுல கிடந்த கல்லு போச்சு."

"எப்போ சொன்னாரு?"

"நீ ரெண்டாவது தடவ கேன் கொண்டு வந்தியே, அந்த ஞாயிறு."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெல்னா அப்போது நாலாம் வகுப்பு. இப்போது அவள் கல்யாணம் முடிந்து கைக்குழந்தையோடு இருக்கிறாள். அத்தனை வருஷமும் மழையில் நனைந்து, அச்சன்மாரை வியர்வைக் கையை எடுக்கச் சொல்லி, இந்தக் கேனைச் சுமந்திருக்கிறேன்.

"பின்ன எதுக்கு எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

பெர்த்தா மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் செதில் எடுக்கத் தொடங்கினாள்.

"சொன்னா நீ பின்ன வருவியா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கேனை அங்கேயே போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பி, வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போனேன்.